ஒன்றரையும் முக்காலும்: வாழ்க்கைக் கணக்கிற் கலப்பு எண்கள்

(எமது சங்கத்தின் மாலை வகுப்பு மாணவரும் பெற்றோரும் மஹய்யாவவிற் கூடியிருந்தபோது நிகழ்த்திய பேச்சு)



சங்கக் கூட்டம் என்றால் சமயச் சொற்பொழிவையோ, பெரியார் ஒருவரின் வரலாற்றையோ கேட்கலாம் என்று வந்திருப்பீர்கள். இன்று எமக்குத் தரப்பட்ட பொருளோ பின்னக் கணக்கு. அதிலும் முழுவெண்ணும் பின்னமும் சேர்ந்து நிற்கும் கலப்பு எண்களைக் கூட்டுவதும் கழிப்பதும். "இதைப் பேசுவதற்கு ஒரு மேடை வேண்டுமா?" என்று சிலர் எண்ணலாம். வேண்டும் என்பதே எமது துணிபு. ஏனெனில் மாலை வகுப்பிலே பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துகின்ற நாம் ஒன்றைக் கண்டோம். பெருக்கல் வாய்பாட்டை மணிமணியாக ஒப்புவிக்கும் பிள்ளை, "ஒன்றரை" என்ற சொல் கணக்கில் வந்தவுடன் பேனையைக் கீழே வைத்துவிடுகின்றது. க.பொ.த. சாதாரண தரத்திலே கணிதத்தில் சித்தியில்லையெனில், அதற்கு மேல் எந்த வாயிலுக்குப் போனாலும் அது பாதிதான் திறந்திருக்கும். அந்தப் பேனை கீழே வைக்கப்படும் இடத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது.

முதலில் எமது சொந்தப் பிழையையே சொல்லிவிடுகின்றோம். பிறர் பிழையைச் சொல்வதற்கு அதுவே நல்ல தொடக்கம்.

நாம் மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்த காலம். காலை வழிபாடு முடிந்ததும் முதற் பாடம் கணிதம். தொகுதி, பகுதி, முறைமையில்லாப் பின்னம் என்ற சொற்களெல்லாம் நாவில் நின்றன. அவற்றின் பொருள் நெஞ்சில் நின்றதோ என்றால், இல்லை. ஒரு நாள் வீட்டில் அவசரத் தேவை. அம்மாயியின் சங்கிலியையும் காப்பையும் அடகு வைக்க வேண்டி வந்தது. சங்கிலி 2½ பவுண். காப்பு இரண்டும் சேர்ந்து 1¾ பவுண். "மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தா கண்ணு" என்றார் அம்மாயி. நாமும் படித்த பிள்ளை என்ற மிடுக்கோடு எழுதினோம். இரண்டும் ஒன்றும் மூன்று. மேலே ஒன்றும் மூன்றும் நான்கு. கீழே இரண்டும் நான்கும் ஆறு. ஆகவே மூன்றும் ஆறில் நாலும், அதாவது 3⅔ பவுண்.

அம்மாயி கடுதாசியைப் பார்க்கவில்லை. எமது முகத்தைப் பார்த்தார். "என்ன கண்ணு இது? அரையும் முக்காலுமே ஒன்னைத் தாண்டிருச்சே. ரெண்டரையும் ஒன்னேமுக்காலும் எப்படி நாலுக்குக் கீழ வரும்?" என்றார். பிறகு விரலைக்கூட மடக்காமல், "மூணும் ஒன்னேகாலும் நாலேகால்" என்று முடித்துவிட்டார்.

அம்மாயி பள்ளிக்கூடத்தின் பக்கம் ஒதுங்காதவர். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறியவர். எமது விடைக்கும் அவரது விடைக்கும் உள்ள வித்தியாசம் 4¼ இலிருந்து 3⅔ போக மீதி, அதாவது பன்னிரண்டில் ஏழு பவுண். பவுண் ஒன்று 8 கிராம். ஆகவே நாம் ஒரு வரியிலே தொலைத்தது 4⅔ கிராம் தங்கம். அன்று அம்மாயி கேட்ட கேள்வியே இன்றைய பேச்சின் முதற் பாடம்: விடையை எழுதுமுன் அது எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று மனத்தாற் பார்த்துக்கொள்ள வேண்டும். அரைக்கு மேற்பட்ட பின்னமும் அரையும் சேர்ந்தால் ஒன்றைத் தாண்டியே தீரும். இதைக் காண வாய்பாடு வேண்டியதில்லை; கண் இருந்தாற் போதும்.

நிற்க. எமது பிழையின் வேர் எங்கே? தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியதில் இருக்கின்றது. பகுதி என்பது எண்ணிக்கை அன்று. அது ஒரு பெயர். இரண்டில் ஒன்று என்னும்போது அங்கிருக்கும் "இரண்டு" துண்டின் இனத்தைச் சொல்கின்றது. நான்கில் மூன்று என்னும்போது "நான்கு" வேறோர் இனத்தைச் சொல்கின்றது. இரண்டு மாம்பழமும் மூன்று தேங்காயும் சேர்ந்தால் ஐந்து மாம்பழமும் அன்று, ஐந்து தேங்காயும் அன்று. கூட்டவேண்டுமானால் இரண்டையும் ஒரே பெயருக்குள் கொண்டுவர வேண்டும். அரையை இரண்டு கால் என்று சொல்லிவிட்டால், இரண்டு காலும் மூன்று காலும் ஐந்து கால். ஐந்து கால் என்பது ஒன்றேகால். பொது மடங்குகளுட் சிறியது, பொ.ம.சி., என்று பள்ளியில் நாம் கற்பது இந்தப் பொதுப் பெயரைத் தேடும் வழியே. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீரர் என்னும் சமண ஆசிரியர் தம் கணித நூலிலே பின்னங்களைக் கூட்டுவதற்கு இவ்வழியை வகுத்துக் காட்டியிருக்கின்றார். ஆகவே இது நேற்று மேனாட்டிலிருந்து கப்பலில் வந்த சரக்கு என்று எண்ணவேண்டாம்.

இன்னுமொரு வேரும் உண்டு. 2½ என்று எழுதும்போது இரண்டுக்கும் அரைக்கும் நடுவே ஒரு குறி மறைந்து நிற்கின்றது. அது கூட்டற்குறி. ஆனால் அட்சரகணிதத்திலே எண்ணையும் எழுத்தையும் ஒட்டி எழுதினால் மறைந்து நிற்பது பெருக்கற்குறி. இரண்டையும் மயங்கிய பிள்ளை 2½ என்பதை இரண்டு அரை என்று கொண்டு, ஒன்று என்று விடை எழுதிவிடுகின்றது. தமிழ்ப் பிள்ளைக்கு இந்த மயக்கம் வரவே வேண்டியதில்லை. ஏனெனில் எமது மொழி அந்தக் குறியைச் சொல்லிலேயே வைத்திருக்கின்றது. இரண்டும் அரையும் இரண்டரை. ஒன்றும் காலும் ஒன்றேகால். கலப்பு எண்ணைத் தமிழிலே வாய்விட்டுச் சொன்னாலே கூட்டல் காதில் விழுந்துவிடும். கண்டிச் சந்தையிலே சிங்களச் சகோதரர் காலுக்குக் "கால" என்றும் முக்காலுக்குத் "துன்கால" என்றும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அளவைச் சொற்கள் வேலி தாண்டி நடமாடுவதற்கு இதுவும் ஒரு சான்று.

எமது முன்னோர் காலோடும் அரையோடும் நின்றவர்கள் அல்லர். திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியிலே கீழ்வாயிலக்கம் என்று ஒரு பகுதி உண்டு. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. நூற்றறுபதில் ஒன்று அரைக்காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்றும் வீசம் என்றும் பெயர். தம்பி தங்கையரே, "மாகாணி" என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். மாவும் காணியும். மா என்பது எண்பதில் நான்கு. காணி எண்பதில் ஒன்று. சேர்ந்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பொதுப் பகுதி கண்டு கூட்டிய ஒரு முழுக் கணக்கே ஒரு சொல்லாகிக் கிடக்கின்றது!

தஞ்சைப் பெரிய கோயிலிலே முதலாம் இராஜராஜன், கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்டவன், கோயிலுக்கு விட்ட நிலங்களை வேலி, மா, காணி, முந்திரி என்றும், அதற்குங் கீழே கீழ்முந்திரி வரைக்கும் கல்லில் வெட்டி வைத்தான். முந்திரியை மேலும் முந்நூற்றிருபது கூறாக்கினால் ஒரு கூறு கீழ்முந்திரி. அது ஒன்றில் 102,400இல் ஒரு பங்கு. அவ்வளவு நுண்மை எதற்கு என்று கேட்கலாம். நிலத்துக்கு வரி உண்டு, நெல் உண்டு, உரிமை உண்டு. அளவிலே சோம்பல் பட்டவன் உரிமையிலே தோற்பான். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமும் பொன், நெல், நிலம் என்று மக்கள் கையில் புழங்கும் பொருள்களைக் கொண்டே கணக்குச் சொல்லும் நூல். இந்தப் பின்னக் குறிகளுக்கு 2019ஆம் ஆண்டிலே கணினி எழுத்துகளின் உலகப் பட்டியலான யுனிகோட்டிலும் இடம் கிடைத்தது. கணினியில் இடம் கிடைத்த குறிகளுக்கு எமது பிள்ளைகளின் நாவில் இடம் இல்லாமற் போனதுதான் வருத்தம்.

இனிக் கழித்தலுக்கு வருவோம். கூட்டலில் தடுக்கி விழுபவர் சிலர். கழித்தலில் விழுபவரோ பலர். 5¼ கிலோ அரிசி இருந்தது, 2¾ கிலோ செலவாயிற்று, மீதி எவ்வளவு? மாலை வகுப்பிலே பாதிப் பேர் 3½ என்று எழுதினார்கள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று. முக்காலில் கால் போனால் அரை. ஆக மூன்றரை என்பது அவர்கள் வாதம். கீழே நிற்பதிலிருந்து மேலே நிற்பதைக் கழித்துவிட்டார்கள்! காலிலிருந்து முக்கால் போகாது என்று கண்டவுடன் மனம் தானாகவே எளிய பக்கம் திரும்பிவிடுகின்றது. பிள்ளைகளை ஏசிப் பயனில்லை. வழியைக் காட்ட வேண்டும்.

வழி மூன்று உண்டு. முதலாவது, கடன் வாங்கும் வழி. ஐந்தில் ஒன்றை உடைத்து நான்கு காலாக்க வேண்டும். அப்போது 5¼ என்பது நான்கும் ஐந்து காலும் ஆகின்றது. நான்கில் இரண்டு போக இரண்டு. ஐந்து காலில் மூன்று கால் போக இரண்டு கால். விடை 2½. தச்சுப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே அங்குலத்துக்கு எட்டு நூல். 5 அங்குலம் 2 நூல் அகலமுள்ள பலகையில் 2 அங்குலம் 6 நூல் வெட்டி எடுக்க வேண்டுமென்றால், தச்சர் ஓர் அங்குலத்தை எட்டு நூலாக உடைத்து, 4 அங்குலம் 10 நூல் என்று வைத்துக்கொண்டு, மீதி 2 அங்குலம் 4 நூல் என்பார். அவர் செய்ததும் இதே கணக்குத்தான். வாளின் பல் தின்னும் தூளை மட்டும் அவர் வேறாக நினைவில் வைத்திருப்பார்.

இரண்டாவது, முழுவதையும் முறைமையில்லாப் பின்னமாக்கும் வழி. 5¼ என்பது 21 கால். 2¾ என்பது 11 கால். போக 10 கால், அதாவது 2½. பரீட்சைக்கு இது பத்திரமான வழி. ஆனால் எண்கள் பெரிதாகும்போது கை வலிக்கும்.

மூன்றாவது, கடைக்கார முதலாளியின் வழி. அவர் கழிப்பதேயில்லை, ஏறிப்போகின்றார். 2¾இல் இருந்து கால் ஏறினால் 3. மூன்றிலிருந்து இரண்டு ஏறினால் 5. மேலும் கால் ஏறினால் 5¼. ஏறிய படிகள் காலும் இரண்டும் காலும், ஆக 2½. மீதிச் சில்லறையை அவர் எண்ணிக் கொடுப்பதும் இவ்விதமே. ஐந்து ரூபா இருபத்தைந்து சதத்திலிருந்து இரண்டு ரூபா எழுபத்தைந்து சதம் போனால் இரண்டு ரூபா ஐம்பது சதம் என்று அந்நாளிற் பாட்டிமார் பட்டென்று சொன்னார்கள். அதே கணக்கை 5¼ − 2¾ என்று எழுதியவுடன் பேரப்பிள்ளைகள் திகைக்கின்றார்கள். கணக்கு மாறவில்லை, உடைதான் மாறியிருக்கின்றது.

அன்பர்களே, எண்ணைக் கையாளத் தெரிந்தாலும் வசனக் கணக்கு என்று ஒரு பள்ளம் இருக்கின்றது. பிள்ளைகள் வசனத்தை வாசிப்பதில்லை. அதில் உள்ள ஒரு சொல்லைப் பொறுக்கிக்கொள்கின்றார்கள். "கூட" என்று கண்டால் கூட்டு. "குறைய" என்று கண்டால் கழி. இது சுருக்கு வழி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கின்றார்கள். பின்வரும் கணக்கைப் பாருங்கள். தேர்த் திருவிழாத் தோரணத்துக்குக் கண்ணன் வாங்கிய துணி 3¼ மீற்றர். அது முருகன் வாங்கியதைவிட 1½ மீற்றர் கூட. முருகன் வாங்கியது எவ்வளவு? "கூட" என்ற சொல்லை நம்பிக் கூட்டியவன் 4¾ என்பான். முருகன் குறைவாக வாங்கியவன் அன்றோ! 3¼ இலிருந்து 1½ போக 1¾ மீற்றர் என்பதே விடை. யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு என்று இரண்டு கோடுகளை வரைந்து பார்த்திருந்தால் இப்பிழை நேராது.

மற்றொரு பள்ளம் இன்னும் நுண்மையானது. பொங்கலுக்கு 5 கிலோ அரிசி வாங்கினோம். அதில் கால் கிலோவைச் சமைத்தோம் என்றால் மீதி 4¾ கிலோ. அதில் காற் பங்கைச் சமைத்தோம் என்றால், ஐந்தின் காற் பங்கு 1¼ ஆதலின், மீதி 3¾ கிலோ. "கால் கிலோ", "காற் பங்கு": சொல்லளவில் வேற்றுமை சிறிது, பானையளவில் ஒரு கிலோ. கால் என்று கண்டவுடன் "எதிலே கால்?" என்று கேட்கப் பழக வேண்டும். இக்கேள்வி பரீட்சைக்கு மட்டுமன்று, வட்டிக் கடைக்கும் கழிவு விற்பனைக்கும் பொருந்தும்.

இதுவரை அரிசியும் துணியும் பேசினோம். இனி உழைப்பைப் பற்றிப் பேசுவோம். தோட்டத்திலே "அரைப்பேர்" என்ற சொல்லை அறியாதவர் எம்மில் யார்? குறித்த அளவு கொழுந்து வராத நாளுக்கு அரைப்பேர் போடுவார்கள். அன்றைக்கு அரை நாட் சம்பளம். ஒரு சகோதரி மாதத்தில் 24 நாள் மலைக்குப் போனார். அவற்றில் 3 நாள் அரைப்பேர். எத்தனை நாட் சம்பளம் சேர வேண்டும்? மூன்று அரை ஒன்றரை. 24 இலிருந்து 1½ போக 22½. மாலை வகுப்பிலே இக்கணக்கைக் கொடுத்தபோது, மூன்றையும் முழுதாகக் கழித்து 21 என்று எழுதியவர் பலர். 2021 மார்ச்சிலே நாட்சம்பளம் 1,000 ரூபா என்று நிர்ணயமாயிற்று. அதன் பின்னர் அது உயர்ந்தது. அந்த 1,000 ரூபாவை வைத்துப் பார்த்தாலும் 22½க்கும் 21க்கும் இடையே 1,500 ரூபா கிடக்கின்றது. ஒரு பிள்ளை வகுப்பில் விட்ட பிழைக்குப் புள்ளி போகும். அதே பிழை சம்பளச் சிட்டையில் வந்து, அதைப் பார்க்கத் தெரிந்த கண் வீட்டில் இல்லையென்றால், ஒரு தாயின் ஒன்றரை நாள் வியர்வை போகும். சிட்டையிலே பிழை வேண்டுமென்றே வருகின்றது என்று நாம் சொல்லவில்லை. மனிதர் கையால் எழுதும் எதிலும் பிழை வரும். அதைக் காண்பது எமது கடமை.

எம் இளைஞர் பலர் கண்டி நகரக் கடைகளில் வேலை செய்கின்றார்கள். அவர்களுக்காக 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கின்றது. அதன்படி வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. ஏழிலிருந்து 1½ போக 5½ நாள் வேலை. நாளுக்கு எட்டு மணி. வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. ஒரு தம்பி ஒரு வாரம் 3½ மணி மேலதிகமாக நின்றான் என்று வையுங்கள். 3½ஓடு அதன் பாதியாகிய 1¾ஐச் சேர்த்தால் 5¼ மணிக்குரிய கூலி. நாற்பத்தைந்தோடு சேர்த்தால் அந்த வாரத்துக்கு 50¼ மணிக் கூலி அவனுக்கு உரியது. சட்டப் புத்தகத்தில் உள்ள ஒன்றரை, கொப்பியில் உள்ள ஒன்றரையைத் தெரிந்தவனுக்கே பயன் தரும்.

இவ்விடத்தில் எமது சமூகத்தின் பழைய கணக்கு ஒன்றையும் சொல்லாமற் போக மனம் வரவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராய் நின்ற மலையக மக்கள் 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மிஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்பது என்றும் எழுதினார்கள். இலங்கைக்கு உரியதை ஒரு பங்கு என்று வையுங்கள். இந்தியாவுக்கு 1¾ பங்கு. மிச்சம் ½ பங்கு. கூட்டினால் 3¼ பங்கு. 1974இல் அந்த அரைப் பங்கையும் இரண்டாக்கிக் காலும் காலுமாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 1¾உம் ¼உம் ஆக 2. இலங்கைக்கு 1¼. இரண்டும் சேர்ந்தால் அதே 3¼. கணக்கு அப்பழுக்கில்லாமல் முடிந்துவிட்டது!

ஆனால் கணக்கு முடிந்த இடத்திலே வீடுகள் முடியவில்லை. தாத்தா ஒரு பங்கிலும், மகன் ஒரு பங்கிலும், அத்தை மிச்சத்திலும் நின்றார்கள். கப்பலேறிய குடும்பங்களும், ஏறாமல் இங்கேயே நின்ற குடும்பங்களும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றவர் என்ற சொல் எம் மக்கள் பலரை விடாமல் தொடர்ந்தது. அரிசியை முக்கால் என்று அளக்கலாம். மனிதரை அவ்வாறு அளக்க முடியாது. பின்னம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அறிவதும் கணித அறிவின் ஒரு பகுதியே. பிறர் எம்மைப் பங்கிட்டு எழுதிய காலத்தில் அந்தக் கடுதாசியை வாசிக்கத் தெரிந்தவர் எம்மில் மிகச் சிலர். அந்தக் குறை இனியும் இருக்கலாகாது.

இனி ஒரு நல்ல கணக்கைச் சொல்லி முடிக்கின்றோம். தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்ட 7 பேர்ச் காணி என்றும், பின்னர் 10 பேர்ச் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓர் ஏக்கரில் 160 பேர்ச். ஆகவே ஒரு பேர்ச் என்பது ஏக்கரில் நூற்றறுபதில் ஒன்று. எண்சுவடி அதற்கு என்ன பெயர் வைத்திருக்கின்றது? அரைக்காணி! இரண்டு பேர்ச் ஒரு காணி. எட்டு பேர்ச் ஒரு மா. பத்து பேர்ச் மாகாணி. நாற்பது பேர்ச் கால். அதையே றூட் என்பார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த நில அளவை எமது முன்னோரின் வாய்பாட்டுக்குள் அச்சொட்டாக அடங்கிவிடுகின்றது. ஏழு பேர்ச் என்பது மூன்றரைக் காணி. ஒரு மாவுக்கு அரைக்காணி குறைவு. ஏழிலிருந்து பத்துக்கு உயர்ந்தால் ஒரு குடும்பத்துக்குக் கூடுவது ஒன்றரைக் காணி.

ஒரு கணக்கு. 1¼ ஏக்கர் நிலத்திலே 24 குடும்பங்களுக்கு 7 பேர்ச் வீதம் கொடுத்தால் பாதைக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு மிஞ்சும்? 24 ஏழு 168 பேர்ச். அதாவது ஓர் ஏக்கரும் 8 பேர்ச்சும். ஒன்றே ஒரு மா. ஒன்றேகாலிலிருந்து ஒன்றே ஒரு மா போக வேண்டும். ஒன்றில் ஒன்று போயிற்று. கால் என்பது ஐந்து மா. ஒரு மா போக நாலு மா. நாலு மா என்பது ஐந்தில் ஒன்று, 32 பேர்ச். இருநூறு பேர்ச்சில் 168 போனால் 32 என்று முழுவெண்ணாற் கழித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். காணி என்ற சொல் எண்பதில் ஒன்று என்ற பின்னமாகவும், ஈழத் தமிழிலே நிலம் என்ற பொருளாகவும் வழங்குவதை நினைக்குந்தோறும் எமக்கு ஒரு சிலிர்ப்பு உண்டாகின்றது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர் கைக்குக் காணி வரும்போது, அதன் அளவை அவரே பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

தம்பி தங்கையரே, சொன்னவற்றைச் சுருக்குகின்றோம். வசனத்தை இரண்டு முறை வாசியுங்கள்; எது முழு, எதிலே பங்கு என்று கேளுங்கள். கணக்கைத் தொடங்குமுன் விடை எந்த இரண்டு முழுவெண்களுக்கு இடையே வரும் என்று மதிப்பிடுங்கள். பின்னங்களை ஒரே பெயருக்குக் கொண்டுவந்த பின்பே கூட்டுங்கள். கழிக்கும்போது மேலே போதாவிட்டால் முழுவெண்ணில் ஒன்றை உடையுங்கள். திசையை மாற்றிக் கழிக்காதீர்கள். விடை வந்ததும் கடைக்கார முதலாளியைப் போலக் கீழிருந்து ஏறிச் சரிபாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். "எமக்குப் படிப்பில்லை, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்போம்" என்று ஒதுங்காதீர்கள். கடைச் சிட்டையைப் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். சம்பளச் சிட்டையை விரித்து அரைப்பேரை எண்ணச் சொல்லுங்கள். துணிக்கடையில் மீற்றர்க்கோலைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பது எமது பழமொழி. எமக்குப் பொ.ம.சி. கற்பித்தது மிஷன் பள்ளி. அதற்கு நாம் என்றும் நன்றியுடையோம். ஆனால் அதன் பொருளைக் கற்பித்தவர் எழுதத் தெரியாத அம்மாயி. பள்ளிக்கூடமும் வீடும் என்ற இரண்டும் சேர்ந்தபோதே எமது கணக்குச் சரிவந்தது. எமது சங்கத்து மாலை வகுப்பு அவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் இடமாக என்றும் விளங்க இறைவன் அருள்வானாக.